நாலாம் நம்பர் கிளிப்பு

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல கூப்புட்டா, போட்டு யாரு பேச்சக் கேக்கும்ப்பா?"

எட்டு வயதில் சர்மிளா இப்படிக் கேட்டாள். மவுஸாகலை நீர்த்தேக்கத்தின் கரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீரில் ஓடிய சின்னப் படகைப் பார்த்தபடி, மடியில் ரொட்டிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். அப்பா நல்லமுத்து வாயில் ஒரு திருகாணியைக் கவ்விக்கொண்டிருந்தார். பதில் சொல்ல முடியவில்லை. பொறு என்று கையால் காட்டினார். பதினாறு வருடம் பொறுத்தாயிற்று. இனி அந்தப் பதில் வரப்போவதில்லை.

அவர் இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில், தகரப் பந்தலுக்குக் கீழே, பெட்டிக்குள் கிடந்தார். நேற்று விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சர்மிளா பந்தல்காலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு மலர்வளையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சைப்பிரஸ் இலையும் ஊதாக் காகிதப் பூவும் வைத்துக் கட்டிய வளையம். அதன் குறுக்கே 'மாதிரிப் படகுக் கழகம்' என்று எழுதிய பட்டித்துணியைப் பிய்த்து எடுக்கப் பார்த்தாள். அது வரவில்லை. வளையத்தோடு சேர்த்துத் தூக்கி வாசலோரத்துச் சாக்கடைக் கானுக்குள் எறிந்தாள். தப்பு அடித்தவர்களின் கை ஒரு நொடி நின்றது.

"யாரு கொண்டாரச் சொன்னா இத? யாரு கேட்டா?"

வளையத்தைக் கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முத்துலிங்கம் முதலாளி. ஹட்டன் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், எழுபது தாண்டியவர். மற்றவர் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்ற செல்லசாமி. இருவரும் நனைந்த குடைகளோடு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"சர்மி! வந்தவங்கள இப்பிடியா பேசுவ?" என்று பெட்டியடியிலிருந்து அம்மா தனலெட்சுமி கத்தினாள். அழுது அழுது அவள் குரல் கம்மிப்போயிருந்தது.

"வந்தவங்களா? பதினாறு வருசமா எந்தப் பாதையில போனாங்களாம்? உசுரோட இருக்கையில ஒருநா இந்த வாசல மிதிச்சாங்களா? செத்தப்பொறவு காயிதப் பூவத் தூக்கிக்கிட்டு வர்றாங்க!"

முத்துலிங்கம் குனிந்து, குடைக் கம்பியால் கானிலிருந்து வளையத்தை மெதுவாகத் தூக்கி, சேற்றை உதறி, தேயிலைச் சரிவோரமாகச் சாய்த்து வைத்தார். அந்த நிதானம் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. திருப்பி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நல்லமுத்து தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றால் தோட்டத் துரையே ஆளனுப்புவார். ஆனால் அவருடைய உயிர் வேறொரு இடத்தில் இருந்தது. ஹட்டனில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கழகம் நடத்தினார்கள். கை நீளத்துக்குப் படகு செய்வார்கள். பழைய படகு கிடைத்தால் பலகை மாற்றி, சாயம் பூசி, மோட்டர் வைத்து உயிர் கொடுப்பார்கள். ஞாயிறன்று நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோய், கரையில் நின்று ரிமோட்டால் ஓட்டுவார்கள். கடைக்கார முதலாளிகள், பல் டாக்டர், கிளாக்கர்மார். லயத்திலிருந்து போனவர் நல்லமுத்து ஒருவர்தான். பத்துப் படகில் எட்டு அவர் கை பட்டு ஓடியவை.

அந்தக் காலத்து ரிமோட் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை நம்பர். ஒரே நம்பர் உள்ள இரண்டு ரிமோட்டை ஒன்றாகப் போட்டால் தண்ணீரில் இருக்கும் படகுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதற்காகக் கரையிலிருந்த கழகக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. அதில் துணி காயப்போடும் கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் சாயத்தில் ஒரு நம்பர். சுவிட்சைப் போடுமுன் உன் நம்பர் கிளிப்பை எடுத்து ஏரியலில் மாட்டிக்கொள்ள வேண்டும். பலகையில் கிளிப்பு இல்லாவிட்டால் வேறு யாரோ ஓட்டுகிறார் என்று அர்த்தம். காத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தைக் கழகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரே நல்லமுத்துதான்.

அந்த ஞாயிறன்று நாலாம் நம்பர் கிளிப்பு முத்துலிங்கத்திடம் இருந்தது. அவருடைய அம்மாவின் பெயரை வைத்த 'அன்னபூரணி' தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. பலாப் பலகையில் அவர் மூன்று வருடம் இழைத்துச் செய்த படகு. அப்பாவின் ரிமோட்டும் நாலாம் நம்பர். அது பைக்குள் கிடந்தது. பதில் வராத பிள்ளை பைக்குள் கையை விட்டாள்.

சும்மா பார்க்கத்தான். யார் பேச்சைக் கேட்கும் என்று பார்க்கத்தான்.

அன்னபூரணி யாருடைய பேச்சையும் கேட்கவில்லை. விருட்டென்று திரும்பி, மூக்கை உயர்த்திக்கொண்டு நேராகப் போய் நடுப்பாறையில் மோதி, பாறைக்கு அந்தப் பக்கம் ஆழத்தில் இறங்கிவிட்டது. எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நொடியில் அவள் கையிலிருந்து ரிமோட் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அது அப்பாவின் கையில் இருந்தது.

"நான்தான் மொதலாளி. கிளிப்பு எடுக்க மறந்துட்டு சுவிச்சப் போட்டுட்டேன்."

பிழை செய்தவர் கொட்டகையிலுள்ள கொப்பியில் தானே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் எழுதினார். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் "அப்பா, நான்…" என்று தொடங்கினாள். "ரொட்டி சாப்பிட்டியா?" என்றார். அதற்குப் பிறகு அவள் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் அவருக்கு ஒரே கேள்விதான்: "சாப்பிட்டியா?" ஒரு அடி அடித்திருக்கலாம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவர் மவுஸாகலைக்குப் போகவில்லை. செய்தி மட்டும் பஸ் ஏறித் தோட்டத்துக்கு வந்துவிட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் யாரோ அவர் சட்டையின் பின்பக்கம் ஒரு துணிக் கிளிப்பை மாட்டிவிட்டார்கள். ஃபெக்டரியில், "என்னா ஃபிட்டரு, மெசினு சுவிச்சப் போடுமுன்ன கிளிப்ப மாட்டினீங்களா?" என்றார்கள். மறதி என்ற சொல்லையே அறியாத மனிதருக்கு 'கிளிப்பு' என்று பெயர் விழுந்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் சர்மிளாவுக்கு யாரையாவது கடிக்க வேண்டும் போல இருக்கும்.

"சர்மி, பெட்டகத்துல பட்டுக்கரை வேட்டி இருக்கு, எடுத்தா" என்றாள் அம்மா.

"மொதல்ல குத்துவெளக்குக்கு எண்ண ஊத்து" என்றான் மாமா அழகன். அம்மாவின் தம்பி. காலையிலிருந்தே அவனிடம் சாராய வாடை அடித்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள். அவள் எண்ணெய் ஊற்றவில்லை. அம்மா சொன்ன வேட்டிக்காகக்கூட இல்லை, அந்த இடத்தைவிட்டுப் போவதற்காகக் காம்பரா அறைக்குள் நுழைந்தாள். கட்டிலுக்கடியில் இருந்த பெட்டகத்தை இழுத்தாள். வேட்டி மேலேயே இருந்தது. கீழே அப்பாவின் பழைய கம்பளி, எதையோ சுற்றிக் கட்டி இருந்தது. முடிச்சு அவர் போடும் முடிச்சு. இழுத்ததும் அவிழ்ந்தது.

அன்னபூரணி.

புதிது இல்லை, நகலும் இல்லை. பாறையில் உடைந்த மூக்கில் வேறு நிறப் பலகை வைத்து, மயிரிழை இடைவெளி தெரியாமல் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் அதே வளைந்த எழுத்து, மேலே புதுச் சாயம். பித்தளைக் கம்பிகள் ஒவ்வொன்றும் ஃபெக்டரியில் கடைந்தவை. மூடியைத் திறந்தாள். மோட்டர் இருந்தது. இரண்டு வயர்கள் மட்டும் ஈயம் வைக்காமல், நுனி சீவி, தொங்கிக்கொண்டிருந்தன.

வறட்சி வந்த ஒரு வருடம் அவளுக்கு நினைவு வந்தது. நீர்த்தேக்கம் வற்றி, மூழ்கிய பழைய கோயிலின் படிகள் வெளியே தெரிந்த வருடம். "சாமியப் பாத்துட்டு வர்றேன்" என்று ஞாயிறுதோறும் போனார். முழங்கால்வரை சேற்றோடு வந்தார். "கோயிலுக்குப் போனீங்களா, வயலுக்குப் போனீங்களா?" என்று அம்மா திட்டினாள். அவருக்கு அன்றும் சிரிப்புத்தான்.

"அட, கிளிப்பு மச்சானோட வெளயாட்டுச் சாமானு!" அழகன் வாசல்படியில் நின்றான். "நல்லதாப் போச்சு. பொட்டிக்குள்ள கால்மாட்டுல வெச்சு அனுப்புவோம். ஆச தீரப் போட்டு விடட்டும் மனுசன். அங்கயாச்சும் கிளிப்ப மாட்டச் சொல்லு!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சர்மிளா எழுந்து போனாள். அவன் கையிலிருந்த போத்தலைப் பிடுங்கி, வாசலில் நின்றவர்கள் பார்க்க, கானுக்குள் கவிழ்த்தாள்.

"இன்னொருக்கா அந்தப் பேரச் சொன்னா மாமான்னு பாக்க மாட்டேன்."

"ஊரே சொல்லுது…"

"ஊரு சொல்லட்டும். நீ அவரு சோத்தத் தின்னவன்."

அழகனின் முகம் சுருங்கியது. "சரி புள்ள, அந்த போட்டையாச்சும் வெப்போம். அவரு சாமான்தான?"

"அது அவரு சாமான் இல்ல."

"பொறகு யாருது?"

அவள் கம்பளியை இழுத்து மூடி, பெட்டகத்தைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வேட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தூறல் விட்டிருந்தது. பாதையின் இருபுறமும் வெள்ளைக் கொடி. தப்புச் சத்தம் மேட்டு லயத்தைத் தாண்டி, தேயிலைக்குள் இறங்கி, மலை மடிப்பில் மறைந்தது. பெண்கள் வளைவுவரை போய்த் திரும்பினார்கள். அம்மாவை நாலு பேர் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள்.

பந்தலில் முத்துலிங்கம் முதலாளி மட்டும் இருந்தார். மூட்டு வலியால் மலை ஏற முடியாதாம். செல்லசாமி கிளாக்கர்தான் போயிருந்தார். சும்மா இராமல் முதலாளி வெந்நீர்ச் செம்பையும் வாளியையும் எடுத்து, வந்தவர்கள் குடித்துவிட்டுப் போட்ட தேத்தண்ணிக் கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கடையில் நாற்காலியைவிட்டு எழும்பாத மனிதர்.

"அத வெச்சிட்டு எந்திரிங்க. எங்க வீட்டுக் கோப்பய நீங்க கழுவ வேணாம்."

"இருக்கட்டும் புள்ள. கை சும்மா இருந்தா மனசு எங்கயோ போவுது."

"மனசு இருக்கா? பத்துப் பேரோட போட்டையும் ராத்திரி பகலா ரிப்பேரு பண்ணிக் குடுத்த மனுசன். ஒரு தப்புக்கு ஒதுக்கி வெச்சிட்டீங்க. ஊரெல்லாம் கிளிப்பு கிளிப்புன்னு கூப்புடுச்சு. அப்ப எங்க போச்சு இந்த மனசு?"

முத்துலிங்கம் கையிலிருந்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒதுக்கலம்மா. மூணு தடவ வந்தேன். லயத்துக்கு வரவேணாம், வீட்டுல பேச்சாகும்னு ஃபெக்டரி வாசல்லயே மறிச்சிட்டாரு. 'போட்டு போனாப் போவுது, நீ வாய்யா'ன்னு கெஞ்சினேன். 'வர்றப்ப வெறுங்கையோட வரமாட்டேன் மொதலாளி. கையில கொண்டாந்துட்டுத்தான் கரையில நிப்பேன்'னாரு. எதக் கொண்டாறன்னு கேட்டேன். சிரிச்சாரு."

சர்மிளா திரும்பி, பெட்டகம் கிடந்த காம்பராவின் வாசலைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு சொல்றேன்" என்றார் முத்துலிங்கம், கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே. "நாப்பது வருசம் யாவாரம் பண்ணின ஆளு நான். மறக்கிற மனுசன் யாரு, மறக்காத மனுசன் யாருன்னு தெரியும். நல்லமுத்து கிளிப்பு எடுக்க மறக்கிற ஆளா?"

பந்தல் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. எவ்வளவு நாளாக? அன்றிலிருந்தேவா?

"மொதலாளி, அன்னைக்கு…" என்றாள்.

"காலையிலருந்து ஒண்ணும் தின்னலன்னு அம்மா சொன்னாங்களே" என்றார் அவர் அவசரமாக. "சாப்பிட்டியா புள்ள?"

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கவிழ்த்து வைத்த கோப்பை ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்தாள். உடைந்தது. அப்பாவின் கேள்வியை இந்த மனிதரும் வைத்திருக்கிறார்! எல்லோரும் சேர்ந்து அவளைக் காப்பாற்றிக் காப்பாற்றியே இப்படி ஆக்கிவிட்டார்கள். அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். யாரும் அவளை அந்தத் தப்பைச் சுமந்துபோய் இறக்கிவைக்க விடவில்லை.

முத்துலிங்கம் துண்டுகளைப் பொறுக்கினார். யாருடைய காலிலும் குத்திவிடாமல் ஒரு காகிதத்தில் சுற்றினார். சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தபோது, "கை தவறிருச்சும்மா, மன்னிச்சிருங்க" என்றார்.

அன்று மாலை, எல்லோரும் போன பிறகு, அவள் கட்டிலில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசினாள். நல்ல வார்த்தை ஒன்றுமில்லை. "பெரிய ஞாயக்காரரு. என்னையக் கேட்டீங்களா? எனக்குத் தண்டன வேணுமா வேணாமான்னு என்னையக் கேட்டீங்களா?" அம்மா விளக்கைத் தூண்டிவிட்டு, கேட்காதது போலப் படுத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் காலையில் அவள் அப்பாவின் ஈயம் வைக்கிற அயனைச் சூடாக்கினாள். ஹட்டனில் போன் ரிப்பேர் கடையில் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் அவருடைய அயன் கனம் கூட. பிடியில் அவர் விரல் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருந்தது. அவள் விரல் அதில் சரியாக உட்காரவில்லை. முதல் வயரில் ஈயம் உருண்டு விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இரண்டாவது வயர் ஒரே தடவையில் பிடித்தது. பற்றரியை இணைத்துப் பார்த்தாள். சின்ன விசிறி உர்ரென்று சுற்றியது. முடியாத வேலையைக் கொண்டுபோய்க் கொடுக்க அவர் விட்டிருக்க மாட்டார்.

"எங்க கெளம்புற?"

"மஸ்கெலியாவுக்கு."

அம்மா கம்பளி மூட்டையைப் பார்த்தாள். அதன் நீளத்தைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்து அவள் பையில் வைத்தாள்.

டிக்கோயா சந்தியில், மவுஸாகலை வழியாக மஸ்கெலியா போகும் பஸ் ஏறினாள். கண்டக்டர் சிங்களவர். மூட்டையைப் பார்த்து, "மே மொனவாத நங்கி?" என்று, என்னவென்று விசாரித்தார். "போட்டுவக்" என்று, படகு என்பதைச் சிங்களத்திலேயே சொன்னாள். அவர் வியந்து, "பஸ்ல தண்ணி இல்லையே" என்றார் தமிழில். பிறகு தன் துணிப்பையை எடுத்து, குலுங்காமல் இருக்கட்டும் என்று மூட்டைக்கடியில் மெத்தை மாதிரி வைத்தார். ஆறு நாளாக இறுகியிருந்த அவள் தாடை சற்றுத் தளர்ந்தது.

மவுஸாகலைக் கரையில் கொட்டகைச் சாவி எப்போதும் போல டர்பன்டைன் மரத்தடிக் கல்லுக்குக் கீழே இருந்தது. வார நாள். யாரும் இல்லை. தூரத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் பிடித்தார். பனி தண்ணீர்மேல் படிந்திருந்தது.

உள்ளே தட்டுகளில் புதுப் படகுகள். இப்போதைய ரிமோட்டுகளுக்கு நம்பரும் இல்லை, கிளிப்பும் தேவையில்லை. ஆனாலும் பலகையைக் கழற்றாமல் விட்டிருந்தார்கள். தூசு படிந்து வரிசையாகக் கிளிப்புகள். பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கிய அந்தப் பழைய கொப்பி.

அவள் நடுத்தட்டில் இடம் ஒதுக்கி அன்னபூரணியை வைத்தாள். ஒட்டிய மூக்கு வாசலைப் பார்க்கும்படி திருப்பினாள். பிறகு கொப்பியைப் புரட்டினாள். ஃபெக்டரி மெசின் குறிப்பு எழுதுகிற அதே சதுர எழுத்து.

'நாலாம் நம்பர். கிளிப் எடுக்கவில்லை. என் மறதி. நல்லமுத்து.'

பக்கத்தில் கட்டியிருந்த பேனா காய்ந்துபோயிருந்தது. தன் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அப்பா எழுதியதை அவள் வெட்டவில்லை. அதற்குக் கீழே எழுதினாள்.

'மறதி இல்லை. சுவிட்சைப் போட்டது நான். சர்மிளா. வயது எட்டு.'

மை காயும்வரை கொப்பியை விரித்துப் பிடித்திருந்தாள். மூடித் தொங்கவிட்டாள். பலகையிலிருந்து நாலாம் நம்பர் கிளிப்பை எடுத்தாள். துருப்பிடித்த ஸ்பிரிங் முரண்டு பிடித்தது. அழுத்தித் திறந்து அன்னபூரணியின் கொடிக்கம்பில் மாட்டினாள். கவ்விக்கொண்டது.

கதவைப் பூட்டி, சாவியைக் கல்லுக்கடியில் வைத்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கரையில், முன்பு உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். நடுப்பாறை பனிக்குள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. கம்பளியைத் தோளில் போர்த்திக்கொண்டு, மடியில் பொட்டலத்தைப் பிரித்தாள். ரொட்டி ஆறிப்போயிருந்தது. தூறல் தொடங்கியது. அவள் எழுந்திருக்காமல், ஒவ்வொரு துண்டாகப் பிய்த்து, கடைசிவரை சாப்பிட்டாள்.